நாலெழுத்து 'டைப்' பார்த்து வேலை கொடுக்கலாமா?

ஆன்லைன் பெர்சனாலிட்டி டெஸ்ட்டில் 'ஐஎன்எஃப்ஜே'னு வந்ததும், 'அட, அப்படியே நம்மளைப் பத்திதான்!' என்று தோணும். 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு டெஸ்ட் வைத்து, ஆளுக்கொரு ரிசல்ட் கொடுத்தார். துல்லியத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மார்க், 5-க்கு 4.26. உண்மையில் எல்லோருக்கும் ஒரே ரிசல்ட். பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். (கிளி ஜோசியர் சிரிப்பார்!)

பொழுதுபோக்குக்கு ஓகே. ஆனா, காசிமேட்டு ஏலத்தில் கூவி மீன் விற்கும் அக்கா வீட்டில் வாயே திறக்காதவராக இருக்கலாம். அவர் எந்த டைப்? எண்ணூர்ல முதல் இன்டர்வியூவுக்குப் போற பையனை 'இன்ட்ரோவர்ட்' என்று ஒதுக்குவது அநியாயம். எம்பிடிஐ டெஸ்ட்டைப் பரப்பும் அறக்கட்டளையே, ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. வெல்டர் வேணும்னா வெல்டிங் பண்ணச் சொல்லிப் பாருங்க.