புற்றுநோய் மருந்து யாருக்குச் சொந்தம்?

புற்றுநோய் என்றால் முதலியார்பேட்டையில் இன்றும் பலர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். முற்பிறவிப் பாவம் என்பாரும் உண்டு. ஒட்டுவாரொட்டி என்று அஞ்சி நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைப்பாரும் உண்டு. இரண்டும் அறியாமை. விதியின் பேரில் பழியைப் போடுமளவும், வைத்தியத்தை எட்டாத உயரத்தில் வைத்திருப்பவர்களை நாம் கேள்வி கேட்கமாட்டோம்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு தன் இஷ்டம்போல் இரண்டாகப் பிரிவதில்லை. புண் ஆற வேண்டும், ரத்தம் ஊற வேண்டும் என்று உடலின் உத்தரவு வந்தால் பிரியும். தேவை தீர்ந்ததும் நிற்கும். பழுதுபட்டது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மில்லில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இயந்திரத்தை ஓட்ட ஒரு ஸ்விட்ச், நிறுத்த ஒரு பிரேக். உயிரணுவிலும் ஓட்டும் மரபணுக்களும் தடுக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. புகையிலை, சில ரசாயனங்கள், கதிர்வீச்சு, சில வைரஸ்கள் இவற்றைக் கெடுக்கின்றன. உயிரணு பிரியும்போது தானாக நேரும் பிழைகளும் உண்டு. பழுதுகள் பெரும்பாலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து, உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய்.

ஒருவகை ரத்தப் புற்றுநோயில் இந்தப் பழுது துல்லியமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்ட் என்ற இரு விஞ்ஞானிகள், அந்நோயாளிகளின் உயிரணுக்களில் சிறுத்துப்போன ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-வது, 22-வது குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று 1973-ல் ஜேனட் ரௌலி அம்மையார் காட்டினார். அந்த ஒட்டில் பிறக்கும் புரதம் அணையாத ஸ்விட்ச். அதை அணைக்கும் மாத்திரையே இமாட்டினிப். 2001-ல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாவை எதிர்நோக்கியிருந்த பலர் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

விஞ்ஞானம் உயிரைக் காத்தது. ஏகபோகம் என்ன செய்தது? ஸ்விஸ் கம்பெனியான நோவார்ட்டிஸ் இம்மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலை வைத்தது. இந்தியக் கம்பெனிகளோ அதை ஏறத்தாழ 10,000 ரூபாய்க்கே விற்றன. 2020-ல் மூடப்பட்ட ஏ.எப்.டி. மில்லை நம்பி வாழ்ந்த எந்தக் குடும்பம் மாதாமாதம் லட்ச ரூபாய் எடுத்து வைக்கும்?

2005-ல் பேடண்ட் சட்டம் திருத்தப்பட்டபோது, பார்லிமெண்டில் இடதுசாரிகள் போராடிப் பெற்ற பாதுகாப்புகளில் ஒன்று 3(டி) பிரிவு. தெரிந்த மருந்துக்குப் புது உருவம் கொடுத்து, பலன் கணிசமாகக் கூடாமலே புதுப் பேடண்ட் கேட்க முடியாது என்கிறது அது. புற்றுநோயாளிகளின் சங்கம் ஒன்றும் ஆட்சேபம் எழுப்பியது. 2006-ல் சென்னை பேடண்ட் அலுவலகம் நோவார்ட்டிஸின் மனுவை நிராகரித்தது. 2007-ல் சென்னை ஹைகோர்ட்டிலும், 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் கம்பெனி தோற்றது.

"கம்பெனி பலருக்கு இலவசமாகக் கொடுத்ததே" என்பார்கள். கொடுத்தது உண்மை. ஆனால் தானம் வேறு, உரிமை வேறு. கொடுக்கிற கை எப்போது மூடும் என்பதைக் கொடுப்பவனே முடிவு செய்கிறான்.

இப்போது அந்த உரிமையின் வேலியில் ஓட்டை போடுகிறார்கள். 2024 மார்ச்சில் மாற்றப்பட்ட விதிகள், பேடண்ட் வழங்குமுன் ஆட்சேபிப்பதற்குக் கட்டணம் விதித்தன. ஆட்சேபத்தை விசாரிக்கலாமா என்பதையே அதிகாரி முதலில் முடிவு செய்வார். நோயாளிகளின் சங்கத்துக்குக் கதவைக் குறுக்கினால் யாருக்கு லாபம்?

1936 ஜூலை 30-ல் புதுவைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் குண்டுகளுக்கு உயிரைக் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தால்தான் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எந்த உரிமையும் சும்மா வந்ததில்லை, காவலின்றி நிலைப்பதுமில்லை. புதிய விதிகளை சர்க்கார் வாபஸ் பெற வேண்டும். 3(டி) பிரிவைத் தொடக் கூடாது. புற்றுநோய் மருந்துகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். தெருத்தெருவாக இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.