பாட்டியின் மாடும் இங்கிலாந்துப் புல்வெளியும்



எங்கள் தோட்டத்தில் இன்னும் மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் மூன்றோ நான்கோதான். அவர்களில் ஒருவர் என் மாணவி ஒருத்தியின் பாட்டி. சென்ற வாரம் பேத்தியை அழைத்துப் போக வந்தவர், "சார், வெள்ளை உரம் ஒரு மூட்டை மலிவா கிடைச்சிருக்கு. மாடு மேயுற புல்லுக்கு வீசலாமா? புல்லு மளமளன்னு வருமாமே" என்று கேட்டார். இரண்டு கறவை மாடுகளின் பால் காசில்தான் அந்த வீட்டின் கடைக் கணக்கு தீர்கிறது. ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. போய் மூட்டையைப் பார்த்தேன். அம்மோனியம் சல்பேட்.

இதே உரத்தைப் புல்லுக்குப் போட்டு, என்ன ஆகிறதென்று 160 ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவரும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே உள்ள ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணை. அதன் நிலச்சுவான்தார் ஜான் லாஸ் என்பவர் ரசாயன உரம் செய்து விற்றவர். உர வியாபாரியே உரத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தது பாராட்ட வேண்டிய குணம். அவரும் கில்பர்ட் என்ற ரசாயன அறிஞரும் 1856-இல், உழுது நெடுங்காலமாகிவிட்ட ஏறக்குறைய 7 ஏக்கர் புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வோர் உரம். சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. எந்த உரத்துக்கு வைக்கோல் அதிகம் கிடைக்கும் என்பதே அவர்களுடைய கேள்வி.

வைக்கோல் அதிகமாகத்தான் கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே துண்டுகள் ஒன்றுக்கொன்று முகம் மாறிப் போயின. வெவ்வேறு விதை தூவியதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு மாற்றம்! எதுவும் போடாத துண்டில் விளைச்சல் குறைவு. ஆனால் அங்கே இன்றும் 35-க்கு மேற்பட்ட வகைப் புல்லும் பூண்டும் பூவும் இருக்கின்றன. அம்மோனியம் சல்பேட்டை நிறையப் போட்டுச் சுண்ணாம்பு போடாமல் விட்ட துண்டில் மிஞ்சியவை இரண்டு மூன்று வகைப் புல் மட்டுமே.

ஏன் இப்படி? காரணம் இரண்டு. நைட்ரஜன் கிடைத்தால் உயரமான புற்கள் முந்திக்கொண்டு வளர்ந்து, குட்டைச் செடிகளுக்கு வெயில் விழாமல் செய்துவிடுகின்றன. மண்ணைப் புளிக்க வைக்காத சோடியம் நைட்ரேட் போட்ட துண்டுகளிலும் வகைகள் குறைந்ததற்கு இதுவே காரணம். அம்மோனியம் சல்பேட்டோ இன்னொரு வேலையும் செய்கிறது. வருடா வருடம் மண்ணில் புளிப்பை ஏற்றுகிறது. அந்தப் புளிப்பில் மண்புழு வாழாது. மண்புழு இல்லாததால் செத்த புல் மக்காமல், அழுக்குப் பாய் விரித்தது போல் மேலேயே கிடக்கிறது. நம் நாட்டு மண் பெரும்பாலும் ஏற்கெனவே புளித்த மண் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு துண்டு. அங்கே நைட்ரஜன் போடவில்லை. பாஸ்பேட்டும் பொட்டாஷும் மட்டும் போட்டார்கள். அங்கே அவரை இனத்துச் செடிகள் பெருகின. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் கிருமிகள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. வகைகள் சற்றுக் குறைந்தாலும், ஒன்றும் போடாத துண்டைவிட வைக்கோல் வெகுவாகக் கூடியது. இது நமக்குப் புதிதல்ல. பால்மரக் கன்றுகளுக்கு நடுவே அவரையினக் கொடிகளைப் படரவிட்டது இதற்காகவும்தானே? காலில் குத்துகிறதென்று நாம் திட்டும் தொட்டாற்சுருங்கிக்கும் அந்த வேர் முடிச்சு உண்டு.

1989-இல் சில துண்டுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நைட்ரஜனை நிறுத்திப் பார்த்தார்கள். சுமார் இருபது ஆண்டுகளில், காணாமற்போன வகைகளில் பல மெல்லத் திரும்பி வந்தன.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருபது வருசமா? அதுவரைக்கும் என் மாடு இருக்குமா சார்?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரன் வைக்கோல் எடை பார்த்தான். பாட்டிக்கு நாளைக் காலைப் பால் வேண்டும். புல் கொஞ்சமாவது கூடியாக வேண்டும்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மேய்ச்சல் இடத்தின் நடுவே கயிறு கட்டியாகிவிட்டது. ஒரு பாதிக்கு மக்கிய சாணமும் கொஞ்சம் சுண்ணாம்பும். மறு பாதிக்குக் கையளவு வெள்ளை உரம். தூவியபின் நல்ல மழை பெய்து கரையும்வரை மாடு அந்தப் பக்கம் போகக் கூடாது. இரண்டு பக்கமும் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணிக் குறித்து வைப்பது பேத்தியின் வேலை. முதல் நாளே பதினொன்று எண்ணிவிட்டாள். அதில் நான்குக்கு எனக்கே பெயர் தெரியவில்லை.