பதினேழு வயதில் தேடுகிறோம், ஏழு வயதில் தவற விடுகிறோம்

அரியலூர் மாவட்டத்தில் கல்வியைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு குழுமூர் அனிதாவிடம் வந்து நிற்கும். கூலித் தொழிலாளியின் மகள். 2017-இல் பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றும் மருத்துவப் படிப்பு கைகூடாமல், அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று உயிரிழந்தார். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. இந்த விவாதங்கள் எல்லாம் அவசியமானவைதான். ஆனால் இவை அனைத்தும் ஒரு பிள்ளைக்குப் பதினேழு வயது ஆன பிறகு தொடங்குகின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் தரேஸ் அஹமது ஆட்சியராக இருந்தபோது 'சூப்பர் 30' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். பாட்னாவில் ஆனந்த் குமார் நடத்திவந்த பயிற்சி வகுப்பின் பெயரும் அதுதான். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ காலத்தில் தனிக் கவனம் கொடுத்தார்கள். வானம் பார்த்த பூமியின் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். நம் ஊர்களில் அந்த ஆட்சியரின் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். ஆனாலும் அங்கே தேடுதல் தொடங்கியது பதினைந்து வயதில்.

இன்றைய திட்டங்களைப் பார்ப்போம். மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளி ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான். ஊரகத் திறனாய்வுத் தேர்வு, 'டிரஸ்ட்' என்பார்கள், ஒன்பதாம் வகுப்புக்கு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். உதவித்தொகை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். இன்றைய விலைவாசியில் நோட்டுப் புத்தகத்துக்குக் கூடப் பற்றாது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு. அதில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நவோதயா பள்ளிகள் ஐந்தாம் வகுப்பிலேயே தேர்வு வைக்கின்றன. மொழிக் கொள்கை காரணமாக அவை தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கொள்கையின் நியாயத்தை இங்கே விவாதிக்கவில்லை. ஆக, இங்கே முதல் வலை விழுவது எட்டாம் வகுப்பில், பதின்மூன்று வயதில்.

அதற்கு முன்னால்? கொரோனாவுக்குப் பின் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கி விடும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் மலர் நிலையையும் தாண்டி நிற்கும் ஒரு பிள்ளை என்ன செய்யும்? ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் தொடக்கப் பள்ளியில், கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்ட பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியை இழுத்துக் கொண்டிருக்கும். ஆசிரியர் வீட்டாரிடம் 'வால்' என்பார். வீட்டிலும் அதே பெயர் நிலைத்துவிடும். பெண் பிள்ளையாக இருந்தால் வாலும் காட்டாது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் யார் கண்ணிலும் படாது.

நம் சமுதாயத்துக்கு இந்த விஷயத்தில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. லெப்பைக்குடிகாடானாலும் வி.களத்தூரானாலும் ஐந்து ஆறு வயதிலேயே பிள்ளை மக்தபுக்கு வந்துவிடுகிறது. உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் கேட்கிறார். யார் காயிதாவை இரண்டு மாதத்தில் முடிக்கிறது, யார் அடுத்தவர் ஓதும்போதே அந்தப் பாடத்தையும் பிடித்துக்கொள்கிறது, யார் 'ஏன் உஸ்தாத்?' என்று விடாமல் கேட்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பள்ளி ஆசிரியருக்கு அந்தத் தகவல் போவதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் மக்தபுக்கும் இடையே இருநூறு அடி தூரம்தான் இருக்கும். வருடக் கணக்கில் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

புகாரியில் வரும் அம்ர் இப்னு ஸலிமா (ரலி) அவர்களின் செய்தியை உலமாக்கள் பெரும்பாலும் இமாமத் சட்டத்துக்காகவே சொல்வோம். அதை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம். நீர்நிலை ஓரத்தில் வாழ்ந்த சிறுவர் அவர். வழிப்போக்கர்கள் சொல்லும் குர்ஆன் வசனங்களைக் கேட்டுக் கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டார். குர்ஆனை அதிகம் அறிந்தவர் தொழவைக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்களிடமிருந்து உத்தரவு வந்தபோது, கூட்டத்தார் எல்லோரையும் பார்த்தார்கள். ஆறேழு வயதுச் சிறுவரை மிஞ்ச ஆளில்லை. முன்னால் நிறுத்தினார்கள். அவருடைய ஆடை குட்டையாக இருந்தது. ஒரு பெண்மணி அதைச் சுட்டிக்காட்ட, துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். வயதைப் பார்க்காமல் எல்லோரையும் அளந்து பார்த்தார்கள், பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று கவனித்து அதையும் தீர்த்தார்கள்.

'எல்லோரையும்' என்ற சொல் முக்கியம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ப்ரோவார்ட் என்ற மாவட்டத்தில், ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும் சோதித்துத் திறமைசாலிகள் வகுப்பில் சேர்த்து வந்தார்கள். 2005 வாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். அதுவரை யார் கண்ணிலும் படாத ஏழை, கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் தேறினார்கள். நிதி நெருக்கடியில் அந்த ஏற்பாட்டை நிறுத்தியதும் பழைய ஏற்றத்தாழ்வு திரும்பிவிட்டது. படித்த பெற்றோரின் பிள்ளைக்குப் பேச ஆள் உண்டு. வாப்பா சவூதியிலும் உம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவராகவும் இருக்கும் பிள்ளைக்கு யார் பேசுவது?

மனனத்தை மட்டும் வைத்து அளப்பதும் போதாது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், 1897-இல் தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அவரே பிறகு கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கைவிட்டு உதவித்தொகையை இழந்தார். ஒரு துறையில் பறக்கிற பிள்ளை இன்னொன்றில் தடுமாறலாம். அதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளையை நீட் பயிற்சி வகுப்பில் தள்ளுவதும் இதற்கு மருந்தல்ல. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகமும், படிக்கக் கதைப் புத்தகமும், கேள்வி கேட்டால் எரிச்சல்படாத ஒரு பெரியவரும் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

குடும்பங்கள் யோசிக்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. வளைகுடாப் பணம் வந்ததும் ஆறாம் வகுப்பில் பிள்ளையை ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாற்றுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அது அவரவர் விருப்பம். ஆனால் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதத் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு வழியில்லை. கெட்டிக்காரப் பிள்ளையை மாற்றும்போது இவற்றையும் இழக்கிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகள் செய்யக் கூடியது பெரிய செலவில்லாதது. வருடத்துக்கு இரண்டு முறை மக்தப் உஸ்தாதும் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரும் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி பெற்றோரே பெரும்பான்மை, பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அந்தக் கூட்டத்துக்குப் போய், முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கலாம். என்.எம்.எம்.எஸ். எழுத ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் (பட்டியலினத்தவருக்கு 50), குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றை ஏழாம் வகுப்பு விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிட்டால் கடைசி நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை.