வேறெங்கும் இல்லை என்று எழுதும் முன்



மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மட்டுமே வளரும் செடிகொடிகளுக்காக இந்த இதழின் நடுப்பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. அவற்றை ரசித்த கையோடு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் படித்துவிடுங்கள். 'அகத்தியமலையில் மட்டும்', 'பழனி மலையில் மட்டும்' என்று ஒவ்வொன்றிலும் ஓர் எல்லை போட்டிருக்கும். அந்த எல்லையைப் போட எத்தனை பேர் எத்தனை காலம் உழைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

ஒரு செடி ஓரிடத்தில் இருக்கிறது என்று சொல்ல, அதை ஒருமுறை பார்த்தால் போதும். வேறெங்கும் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், வேறெங்கும் தேடியிருக்க வேண்டும். அத்தனை மலைகளையும் ஒருவரே ஏறி இறங்க முடியாது. அதனால் முன்னே போனவர்கள் விட்டுச்சென்ற தாள்களைத்தான் தாவரவியலாளர்கள் நம்புகிறார்கள். ஹெர்பேரியம் என்பது அந்தத் தாள்களின் களஞ்சியம். பூவும் காயுமாக ஒரு கிளையை எடுத்து, செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்திக் காயவைத்து, பூச்சி அரிக்காமல் மருந்திட்டு, தடித்த தாளில் தைத்து ஒட்டுகிறார்கள். மூலையில் ஒரு சீட்டு: எந்த மலை, எவ்வளவு உயரம், எந்தத் தேதி, யார் எடுத்தது, பூ என்ன நிறம். காய்ந்ததும் நிறம் போய்விடும் என்பதால் கடைசிக் கேள்விக்குக் காட்டிலேயே பதில் எழுதிவிட வேண்டும். சீட்டு இல்லாத தாள், எவ்வளவு அழகாக இருந்தாலும், வெறும் சருகு.

இப்படிச் சேர்த்த தாள்களின் மேல்தான் நமது பட்டியல்கள் நிற்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். அவற்றை வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். படங்களின் அடியில் அவர்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். அடுத்த நூற்றாண்டில் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் செடிகளைத் தொகுத்தார். கேம்பிள் 1915-இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலை, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936-இல் முடித்துவைத்தார். ஒருவர் ஆயுளுக்குள் அடங்காத வேலை இது.

நம் காலத்துக்கு வந்தால் பாதிரியார் கே.எம். மேத்யூவைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராப்பினாட் ஹெர்பேரியத்தை உருவாக்கியவர். மாணவர்களையும் உதவியாளர்களையும் கூட்டிக்கொண்டு சமவெளி, கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் என்று ஊர் ஊராகச் செடி சேர்த்து, 1980-களில் தமிழ்நாடு கர்நாடிக் பகுதியின் தாவர நூலை வெளியிட்டார். பழனி மலைகளுக்கான மூன்று தொகுதிகள் 1999-இல் வந்தன. நம் கிழக்கு மலைகளை இவ்வளவு பொறுமையாக நடந்து பார்த்தவர்கள் குறைவு. ஏற்காட்டுப் பக்கம் மட்டுமே வளரும் வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரம் சேர்வராயன் மலையின் பெயரையே சுமந்து நிற்பது, ஏற்காடு போய்வந்த நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலைக்கு மலை செடி ஏன் மாறுகிறது என்ற கேள்வி வாசகர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. காசித்தும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய காயைத் தொட்டதும் அது வெடித்து விதை தெறிப்பதைச் சிறு வயதில் விளையாட்டாகச் செய்திருப்பீர்கள். தெறித்த விதை சில அடி தூரம்தான் போகும். ஈரப் பாறையும் மூடுபனியும் தேவைப்படும் மலைக் காசித்தும்பைக்கு, கீழே இருக்கும் வறண்ட சமவெளி கடக்க முடியாத கடல். பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மலைத்தொடரை இடையிடையே அறுத்துவிடுகின்றன. இப்படிப் பிரிந்து நின்ற உச்சிகளில் காலப்போக்கில் தனித்தனி இனங்கள் உருவாகிவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட காசித்தும்பை இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. இந்த மலைத்தொடருக்கே உரிய பூக்கும் தாவரங்கள் மொத்தம் ஏறத்தாழ 1,270 என்று 2014-இல் வந்த ஒரு தொகுப்பு கணக்கிடுகிறது. செங்கோட்டைக்குத் தெற்கே வளரும் செங்குறிஞ்சி மரமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் செந்துருணி சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்தது இந்த மரம்தான்.

பட்டியலில் ஏறிய பெயர் அங்கேயே நிலைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கர்நாடகத்தின் ஜோக் அருவிச் சாரலில் 1919-இல் ஒரு புல்லைச் சேகரித்தார்கள். ஹப்பார்டியா என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் புல், ஷராவதி ஆற்றில் அணை வந்த பிறகு அங்கே கண்ணில் படவில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதினார்கள். 2002-இல் மகாராஷ்டிரத்தின் தில்லாரிப் பகுதியில் அதே புல் கிடைத்தது! ஜோக் அருவிக்கு மட்டுமே உரியது என்ற குறிப்பும் அழிந்துவிட்டது என்ற குறிப்பும் ஒரே நாளில் அடிபட்டுப் போயின. இப்படி அடித்துத் திருத்த முடிவதுதான் ஒரு பட்டியலின் பலம்.

பட்டியலால் ஆபத்தும் உண்டு. அகத்தியமலைப் பாறைகளில் மஞ்சள் பூ பூக்கும் பாஃபியோபெடிலம் ட்ரூரி, தென்னிந்தியத் தீபகற்பத்தின் ஒரே 'லேடீஸ் ஸ்லிப்பர்' ஆர்க்கிட். நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து 1972-இல் மறுபடி கிடைத்தது. செய்தி பரவியதும் வியாபாரிகள் வேரோடு பிடுங்கிப் போனார்கள். அதனால்தான் இந்த இதழில் சில செடிகளுக்கு மலையின் பெயரை மட்டும் தந்து, சரியான இடத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம். விவரம் போதவில்லை என்று கடிதம் எழுத நினைப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நிறைவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உயிரியல் பன்மயச் சட்டம், 2002-இன்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் பெயர் சொல்லும் செடிகள் அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் பறிப்பது குற்றமும்கூட. இலையின் மேல்புறம், அடிப்புறம், பூ, காய் ஆகியவற்றைப் படமெடுத்து, இடமும் தேதியும் உள்ளூர்ப் பெயரும் குறித்துக்கொண்டால் போதும். உலகில் வேறெங்கும் இல்லாத செடியைக் காக்கும் பொறுப்பும் வேறெங்கும் இல்லை. அது வளரும் ஊருக்குத்தான் அந்தப் பொறுப்பு முதலில் வந்து சேர்கிறது.

பதிவேட்டில் நீங்கள் கண்டதையும் காணாததையும் எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்