நீரைக் கெடுக்கும் இசைவும் நெஞ்சறியா மொழியும்

ஓர் ஊரின் நீரைக் காக்கவோ கெடுக்கவோ ஆற்றல் படைத்த தாளொன்றை அவ்வூர் மக்களே படித்தறிய இயலாதெனின், அத்தாள் யார்பொருட்டு எழுதப்பெற்றது? தமிழ்நாட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்புவோர் பெறுகின்ற இசைவுத்தாள்களைப் புரட்டிப் பார்ப்பார்க்கு இவ்வினா எழாமற் போகாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச்சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் நிறுவுதற்கிசைவும் இயக்குதற்கிசைவும், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புடைய கட்டடங்கட்கு வேண்டப்பெறும் சுற்றுச்சூழல் இசைவும் ஆங்கிலத்திலேயே பிறக்கின்றன, ஆங்கிலத்திலேயே உறங்குகின்றன.

கழிவுநீரை எவ்வளவு தூய்மித்தல் வேண்டும், தூய்மித்ததை எங்கு விடுதல் வேண்டும், மழைநீர் எவ்வழி ஓடுதல் வேண்டும் என்பனவெல்லாம் அத்தாள்களில் கட்டளைகளாக உள்ளன. அவை மீறப்படுவதை முதற்கண் அறிபவன் யார்? ஆண்டுக்கொருகால் வந்து செல்லும் அலுவலனா? அல்லன். அடுத்த தெருவில் கிணறு வைத்திருப்பவன். ஓடைக்கரையில் மாடு மேய்ப்பவன். நீர் நிறம் மாறுவதும் நாறுவதும் அவனுக்கே முதலில் தெரியும். ஆனால் எதனை மீறினார் என்று சுட்டிக்காட்ட அவன் கையில் ஒருவரி தமிழில்லை. காவலனைக் குருடாக்கிவிட்டுக் காவல் போதவில்லையெனப் புலம்புவது என்ன அரசியலோ!

அறிவியற் செய்திகளைத் தமிழிலெழுத இயலாதென்பர் சிலர். அவ்வலுவலகங்கள் ஓயாது கூறும் ‘பி.ஓ.டி.’ என்னும் மூன்றெழுத்தை எடுத்துக்கொள்க. கழிவிலுள்ள அழுக்கைத் தின்றழிக்கும் நுண்ணுயிர்கள் நீரினின்று உறிஞ்சும் உயிர்வளியின் அளவே அது. உயிர்வளித் தேவை என்றால் முடிந்தது. அவ்வளவு மிகுந்தால் மீன் மூச்சுமுட்டிச் சாகும். 2017-இல் நடுவணரசு வகுத்த வரையறைப்படி, தூய்மித்த கழிவுநீரில் அது பெருநகரங்களில் இலிட்டருக்கு 20 மில்லிகிராமையும் பிறவிடங்களில் 30 மில்லிகிராமையும் தாண்டலாகாது. இதில் எச்சொல் தமிழுக்கு அடங்கவில்லை? பத்தாம் வகுப்பு மாணவனுக்கு விளங்குவதை வாரியத்தின் அலுவலர்க்கு எழுத வராதா?

இனி, மக்கள் கருத்தைக் கேட்கின்றோம் என்பதன் வண்ணத்தையும் காண்க. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை, கட்டட வேலைகளையும் நகரியங்களையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பினின்றே விலக்கிவிட்டது. கருத்துக்கேட்பு உண்டெனப்பட்ட பிற திட்டங்கட்கோ, அறிக்கையின் சுருக்கம் மட்டுமே மக்கள் மொழியில் தரப்பெறும். நூற்றுக்கணக்கான பக்கங்களுடைய முழு அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கும். அவ்வறிவிக்கையை மாற்ற 2020-இல் நடுவணரசு கொணர்ந்த வரைவும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்தது. அதனை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு அவ்வாண்டு சூன் 30-இல் தில்லி உயர்நயன்மன்றம் பணித்தது. பெயர்த்துத் தருவதை விடுத்து உச்சநயன்மன்றத்துக்கு ஓடியது நடுவணரசு! இந்தியும் ஆங்கிலமும் போதுமென்று சட்டம் பேசியது. தமிழன் கருத்துச் சொல்லலாமாம். எதைப் பற்றி என்று மட்டும் அவன் அறியலாகாதாம்.

தில்லியை மட்டும் வைது அமைவது நேர்மையன்று. வாரியம் சென்னையில் இருக்கின்றது. அதன் அலுவலர் தமிழர். தமிழே ஆட்சிமொழியெனச் சட்டம் செய்தது 1956-இல். அச்சட்டம் கிணற்றுநீர் வரைக்கும் வந்துசேர இன்னும் எத்துணைத் தலைமுறை வேண்டும்?

தாளின் மொழி மாறினால் நிலத்தின் பெயரும் மாறும். பெயர் மாறினால் நிலமே பறிபோகும். இதற்குப் பள்ளிக்கரணையே சான்று. தென்சென்னை ஏரிகள் பலவும் நிரம்பி வழியும் நீரை ஏந்தி, ஒக்கியம் மடுவின் வழியே கோவளம் கழிமுகத்துக்கு அனுப்பும் அப்பரப்பைத் தமிழ்மக்கள் கழுவெளி என்றனர். நீர் நிற்பதும் போவதும் அவர்க்குத் தெரியும். அயலார் வகுத்த நிலக்கணக்கு அதனைப் பயனற்ற பாழ்நிலமாக்கிற்று. பாழ்நிலமென்றபின் தடையேது? பெருங்குடிக் குப்பைமேடும், சாலைகளும், அரசு நிறுவனங்களும், அடுக்குமாடிகளும் அதன்மேல் ஏறின. 2015-இல் வெள்ளம் வந்தபோது அது தன் பழைய இடத்தைத் தேடித்தான் வந்தது. 2022-இல் எஞ்சிய ஏறத்தாழ 1,248 எக்டேர் இராம்சார் பட்டியலில் ஏறியது. அயலார் மதித்த பின்னரே அதன் அருமை இங்குள்ளார்க்குப் புலப்பட்டது போலும்!

ஏரி, தாங்கல், ஏந்தல், ஊருணி, கண்மாய் எனத் தமிழில் நீர்நிலைகட்குப் பெயர்கள் பல. ஆங்கிலத் தாளில் அத்தனையும் வெறும் ‘நீர்ப்பரப்பு’. தமிழ்ப்பற்றினர்க்கும் இதிற் பங்குண்டு. வான்சிறப்புப் பாடிய வள்ளுவர்க்குக் கோட்டம் எழுப்ப 1970-களில் தேர்ந்தெடுத்த இடம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம் என்பதை எத்தனைப் பேர் எண்ணிப் பார்த்தனர்?

ஆகவே, வேண்டுவன மிகப் பெரியனவல்ல. இசைவுத்தாளும் அதன் கட்டளைகளும் முழுமையாகத் தமிழில் வெளிவருதல் வேண்டும். வேலை நடக்கும் வாயிலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் அவை பலகையில் எழுதி வைக்கப்பெறுதல் வேண்டும். தூய்மித்த கழிவுநீரின் ஆய்வுமுடிவு திங்கள்தோறும் அப்பலகையிலேயே ஏறுதல் வேண்டும். நிலக்கணக்கில் தாங்கல் தாங்கலென்றே, கழுவெளி கழுவெளியென்றே எழுதப்படுதல் வேண்டும். இவற்றுக்குத் தில்லியின் இசைவு தேவையில்லை. சென்னைக் கோட்டையில் ஓர் ஆணை போதும்.