தலைப்படையாளம் அறியாத ஏடுகள்

சிற்றாறு பொருநையோடு கலக்கும் சீவலப்பேரிக்கு அருகே மறுகால்தலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பாறைக் குகையில் பழந்தமிழர் வெட்டிய கற்படுக்கைகளும், அவற்றின் மேலே ஒற்றை வரிக் கல்வெட்டு ஒன்றும் உள்ளன. 1906-ஆம் ஆண்டு அவ்வரி கண்டறியப்பட்டது. எழுத்து வடிவங்கள் அறிஞர்க்குப் புதியனவல்ல; அசோகன் கல்வெட்டுகளில் கண்டு பழகியவற்றை ஒத்தவையே. ஆயினும் வரி விளங்கவில்லை. மதுரைப் பக்கத்து மலைகளில் கிடைத்த இவ்வகை வரிகளும் அங்ஙனமே விளங்காது கிடந்தன.

ஏன் விளங்கவில்லை? வடபுல எழுத்தெனின் மொழியும் வடபுல மொழியாகவே இருத்தல் வேண்டும் என்னும் முடிவோடு படித்தமையால்தான். 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழே எனக் காட்டினார். வடபுலத்தில் இல்லாத ழ, ள, ற, ன என்னும் ஒலிகளுக்குரிய தனிக் குறிகள் இவற்றில் உள்ளமையே அதற்குச் சான்றாயிற்று. உயிர்க்குறியிலும் வேறுபாடு இருந்தது. வடபுல முறையில் குறியில்லாத மெய் அகரம் ஏறியது. கோடிட்டது ஆகாரம் ஏறியது. பழந்தமிழ் முறையிலோ குறியில்லாதது வெறும் மெய். கோடு அகரத்தையும் குறிக்கும், ஆகாரத்தையும் குறிக்கும். ஆகவே 'மகன்' என்று தமிழன் வெட்டியதை வடபுல முறையில் படித்தவர்க்கு 'மாகான' என்று கேட்டது. கல்லும் எழுத்தும் அவையே. எந்த முறையால் படிப்பது என்பதில்தான் பிழை நேர்ந்தது.

இக்கதையை ஈண்டு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. அதே பிழை இன்று கணினி வட்டுகளுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. இம்முறை இழப்பு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையன்று, முப்பதாண்டுக்கு உட்பட்டது.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். அதுவும் சுழி, ஒன்று என்னும் இரண்டே இலக்கங்கள். எட்டு இலக்கம் சேர்ந்த ஒரு கூட்டைப் 'பைட்டு' என்பர். எண்மி என்பது அழகிய தமிழ். ஓர் எண்மியில் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண் அமையும். கணினிக்குள் இருக்கும் கோப்பு எதுவாயினும், படமோ பாட்டோ நூலோ, இத்தகைய எண்களின் நீண்ட வரிசையே. அவ்வரிசை இன்னது என்பதைக் கோப்பின் பெயரோ, பெயரின் வாலில் தொங்கும் ஒட்டோ உறுதி செய்யா. வாயிற்பலகையை மாற்றினால் வீட்டுக்குள் இருப்பவர் மாறுவரோ?

உறுதி செய்வது வரிசையின் தொடக்கமே. பாண்டியர் செப்பேட்டைக் கையிலெடுத்தவர் முதலில் வளையத்தில் உள்ள கயற்பொறியைப் பார்ப்பார்; பிறகே ஏட்டைப் படிப்பார். கோப்புகளுக்கும் அத்தகைய பொறி உண்டு. 37, 80, 68, 70 என்று தொடங்கினால் அது பீ.டி.எப். கோப்பு. 255, 216, 255 என்று தொடங்குவது நிழற்படம். 80, 75 என்று தொடங்குவது சுருக்கிக் கட்டிய பொதி. இக்காலத்து 'வேர்டு' ஆவணங்களும் அவ்வகைப் பொதிகளே. பழைய 'வேர்டு' ஆவணமோ 208, 207, 17, 224 என்று தொடங்கும். இப்பொறிகளைக் கொண்டு கோப்பின் இனம் சொல்லும் நிரல் ஒன்று 1973-ஆம் ஆண்டிலேயே யூனிக்சு இயங்குதளத்தில் இடம்பெற்றுவிட்டது. கோப்பின் எண்களை வரிசையாகக் காட்டும் நிரல்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. பள்ளிப் பிள்ளையும் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் தமிழ்க் கோப்புக்கு இது மட்டும் போதாது. பொறி 'இது எழுத்து ஆவணம்' என்று சொல்லிவிடும். உள்ளே எந்த எண் எந்தத் தமிழெழுத்து என்பதைச் சொல்லாது. அங்கேதான் தமிழர் தமக்குத் தாமே பூட்டிட்டுக்கொண்டனர்.

கணினியில் தமிழ் நுழைந்த நாளில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு தனியாளும் தத்தமக்கெனக் குறியேற்றம் ஒன்றை வகுத்துக்கொண்டனர். மலேசியாவில் 1985-இல் முரசு தோன்றியது. ஈழத்தவரிடையே பாமினி பரவியது. தமிழ்நாட்டு அச்சகங்களில் வேறு வேறு எழுத்துருக்கள் ஆண்டன. உலகத் தமிழர் கூடி வகுத்தது திசுக்கி. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டு அரசு ஏற்றவை டாம், டாப் என்பன. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின் போது அரசு ஒருங்குறியை ஏற்றது. தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் பதினாறு இருமக் குறியேற்றத்தையும் உடன் ஏற்றது. ஒருங்குறியில் தமிழுக்குக் கிடைத்தவை 128 அறைகள். அவையும் இந்திய நடுவணரசின் தரத்தைப் பின்பற்றி, தேவநாகரியின் அடுக்கில் வரிசைப்படுத்தப்பட்டவை. தமிழ் நெடுங்கணக்குக்குரிய இயல்பான வரிசை அதில் இல்லை. இது பற்றிய சினம் நேர்மையானதே. எனினும் ஒருங்குறி வந்தபின் எழுதியவை பிழைத்துவிட்டன. அதற்கு முன் எழுதியவையே இன்று ஊமையாகிக் கிடக்கின்றன.

'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. பாமினியில் அச்சொல் 106, 107, 112, 111, 59 என ஐந்து எண்கள். அவை ஆங்கில எழுத்து நான்கும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழின் பெயரே பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறியின் யு.டி.எப்.-8 வடிவில் அதே சொல் பதினைந்து எண்கள்: 224, 174, 164 என்று தொடங்கி 224, 175, 141 என்று முடியும்.

இவ்வெண்களைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இவை தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். மும்மூன்றாய் 224, 174 என்றோ 224, 175 என்றோ திரும்பத் திரும்ப வந்தால் அது ஒருங்குறித் தமிழ்; ஐயமில்லை. எண்கள் பெரும்பாலும் 128-க்குக் கீழேயிருந்து, 59 மட்டும் அளவிறந்து வருமாயின் பாமினி வகை எனக் கொள்ளலாம். ஏனெனில் 59 அதில் மெய்யின் புள்ளி. தமிழில் புள்ளியெழுத்து வராத வரி அரிது. ஆங்கிலத்திலோ அரைப்புள்ளி அத்தனை வராது. 128-க்கு மேற்பட்ட எண்கள் மிகுந்து, 224, 174 என்னும் அடுக்கு இல்லையேல் திசுக்கியோ டாபோ வேறோ ஆகலாம். அங்கே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தல் வேண்டும்.

வைத்துப் பார்த்தது சரியா என்று யார் சொல்வது? தொல்காப்பியர் சொல்வார். மொழிக்கு முதலில் வாரா எழுத்துகள் இவை, இறுதியில் வாரா எழுத்துகள் இவை என்று அவர் வகுத்த மொழிமரபு, ஈராயிரம் ஆண்டு கழித்துக் கணினிக் கோப்பை உடைக்கும் திறவுகோலாக நிற்கிறது. மாற்றிப் படித்த உரையில் சொற்கள் ழகரத்திலும் றகரத்திலும் னகரத்திலும் தொடங்கினால் எடுத்த குறியேற்றம் பிழை. வேறொன்றை எடுக்க வேண்டும். வல்லெழுத்து மெய்யில் சொற்கள் முடிந்துகொண்டே போனாலும் சந்தி இடங்களை நீக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். இலக்கணம் எதற்கு என்று ஏளனம் செய்வோர் இதனை எண்ணுக. இன்னொன்றும் கருதத் தக்கது. பழைய குறியேற்றங்களில் 'கெ' என்பதன் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ககரத்துக்கு முன்னே இருக்கும். ஒருங்குறியில் பின்னே இருக்கும். இதனை மறந்து மாற்றியவர்கள் கொம்புகளை அடுத்த எழுத்துக்குத் தாரை வார்த்த நூல்கள் பல.

'அச்சிட்ட தாள் இருக்கிறதே, வட்டு எதற்கு?' என்று கேட்போர் உளர். அச்சேறியவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். அச்சேறாத வட்டார வழக்குத் தொகுப்புகள், கலைச்சொற் பட்டியல்கள், பாதியில் நின்ற அகரமுதலிகள் ஆகியவற்றுக்குத் தாள் எங்கே? 2010-இல் தமிழ் எழுத்தோடு கிரந்த எழுத்துகளைச் சேர்க்க முன்மொழிந்தபோது எழுந்த எதிர்ப்பு தக்கதே. ஆயினும் அன்று எதிர்த்தவர் பலர் தம் வீட்டுப் பேழையில் நெகிழ்வட்டுகளைப் பூஞ்சணம் பூக்க விட்டிருந்தனர் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. காந்தப் பூச்சு காலத்தால் கழன்று போகும். படிக்கும் கருவியோ கடைகளில் அருகிவிட்டது.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர், அவை நெய்யில் தோய்த்துத் தீயிலிடப்பட்ட செய்தியைக் கேட்டு வந்தார். எரித்தவர் தமிழுக்குப் பகைவரல்லர். எடுத்துப் பார்த்து இன்னதென்று சொல்ல ஆளில்லாத ஏடு அவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்தது, அவ்வளவே.

நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் அச்சுக்கோத்த தமிழ் கொஞ்சமன்று. அவ்வச்சகங்களிலும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீடுகளிலும், மன்றங்களின் நூலகங்களிலும் உள்ள வட்டுகளை இப்போதே எடுத்தல் வேண்டும். முதலில் படியெடுக்க, மூலத்தில் கை வைக்கலாகாது. படியின் முதல் பதினாறு எண்களைக் குறித்துக்கொள்க. ஆவணத்துக்குள் எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் அப்படியே எழுதப்பட்டிருக்கும், அதனைத் தேடுக. கிடைத்த எழுத்துருவைக் கோப்போடு சேர்த்தே வைக்க. பிரித்தால் இரண்டும் பயனற்றுப் போம். அச்சிட்ட பக்கம் ஒன்றேனும் இருந்தால் அதனை அருகில் வைத்து, எண்ணுக்கு எழுத்தாக ஒப்பிட்டு ஒரு பட்டியல் எழுதுக. பிறகு, தட்டச்சு செய்தவர் உயிரோடிருந்தால் நேரில் சென்று, எந்த மென்பொருள், எந்த விசைப்பலகை என்று கேட்டு, அவர் சொல்வதையும் அத்தாளின் அடியிலேயே எழுதிவிடுக.