போக வழி உண்டு, திரும்ப வழி உண்டா?

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். ஒன்று, கழுத்தில் டை கட்டிய பிள்ளைகளை மஞ்சள் வண்டிகள் கிராமம் கிராமமாகப் போய் அள்ளிக்கொண்டு வருவது. இது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று, அப்படி அள்ளிக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியார் தகப்பனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சர்க்கார் பள்ளிக்கூட வாசலில் திரும்பி வந்து நிற்பது. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆதலால் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் இங்கிலீஷுக்கு விரோதிகளல்ல. உலக அறிவு வருகிற வாசலை அடைக்கச் சொல்லுகிறவர்களுமல்ல. ஆனால் இங்கிலீஷ் கற்பது வேறு, பொருள் விளங்காமல் இங்கிலீஷில் உருப்போடுவது வேறு. பொருள் விளங்காமல் உருப்போடுகிற காரியத்துக்கு நம் நாட்டில் மந்திரம் என்று பெயர். அந்த வியாபாரத்தில் கொழுத்தவர்கள் யார், இளைத்தவர்கள் யார் என்பதை நாம் அறிவோம். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு ஜனங்களே 'பிராய்லர் பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோழிப் பண்ணை நிறைந்த ஜில்லாவல்லவா, உவமை தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த கதை ஊரறிந்தது. சர்க்காரும் இந்த மோகத்துக்குத் தப்பவில்லை. 2012-13 முதல் தன் பள்ளிக்கூடங்களிலேயே ஆங்கில வழி வகுப்புகளைத் திறந்து வருகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் 25 சதவிகித இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தைச் சர்க்கார் கொடுக்கும். மனுக்கள் அதிகமானால் குலுக்கல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது எட்டாவது வகுப்போடு முடிந்து போகிறது. ஒன்பதாவதில் அதே பெஞ்சியில் உட்கார வேண்டுமானால் முழுச் சம்பளம் கட்ட வேண்டும். எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிறவனும், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு சுமக்கிறவனும் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? பத்து வருஷம் இங்கிலீஷில் படித்த பிள்ளை அக்கம்பக்கத்துச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், அங்கே ஆங்கில வழி வகுப்பு இருக்கிறதா, இல்லையானால் தமிழ் வழியில் அது எப்படி ஒட்டும் என்று யோசித்து வைத்தவர் எவருமில்லை. அமெரிக்காவில் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர 1970களில் 'மாக்னெட்' பள்ளிகளைப் பரப்பினார்கள். அவற்றைவிட்டு விலகுகிற பிள்ளைக்குப் பொதுவாக அதன் வீடு இருக்கிற பகுதிக்குரிய பள்ளிக்கூடம் எது என்பது முன்னமே தெரிந்திருக்கும். இங்கே தகப்பன்தான் வாசல் வாசலாக அலைய வேண்டும்.

அப்படி அலைகிறவனை முதலில் மறிப்பது டி.சி. பாக்கியைக் கட்டினால்தான் சர்ட்டிபிகேட் என்பார்கள். மேற்படி சட்டத்தின் 5வது பிரிவு என்ன சொல்லுகிறது? பிள்ளை வேறு பள்ளிக்கூடத்துக்குப் போக விரும்பினால் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும், அது வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டும் டி.சி.யைக் கட்டாயப்படுத்தாதே, அதில் சம்பள பாக்கியை எழுதாதே என்று சொல்லிவிட்டது. சட்டமும் கோர்ட்டும் சொன்ன பிறகும், பிள்ளையின் எமிஸ் எண்ணை விடுவிக்காமல் இழுத்தடித்தால் பழைய கதைதான். கடனுக்கு மாட்டைப் பிடித்துக் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதைவிடக் கொடுமையானது, கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். வைத்தியப் படிப்பில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகிதம் என்று 2020ல் சட்டம் செய்தார்கள். 2021ல் இன்ஜினீயரிங் முதலியவற்றுக்கும் வந்தது. பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் என்று 2022ல் ஏற்பாடு வந்தது. நாம் இவற்றை மனமார ஆதரிக்கிறோம். ஆனால் நிபந்தனை என்ன? பொதுவாக ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். குலுக்கலில் இடம் கிடைத்து, எட்டாவது வரை தனியார் பள்ளியில் சர்க்கார் பணத்தில் படித்துவிட்டு, ஒன்பதாவதில் திரும்பிய பிள்ளைக்கு விலக்கு உண்டு. குலுக்கலில் தோற்று, ஆட்டையும் தாலிக்கொடியையும் விற்றுச் சம்பளம் கட்டி, முடியாமல் போய் ஏழாவதில் திரும்பிய பெண்ணுக்கு விலக்கு இல்லை. அவள் ஆறு வருஷம் சர்க்கார் பள்ளியில் படித்திருப்பாள். ஆயினும் கணக்கில் அவள் சர்க்கார் பள்ளிப் பிள்ளையல்ல! இரண்டு பேரில் யார் அதிக ஏழை என்று குலுக்கல் டப்பாவா தீர்மானிப்பது?

மூன்றாவது, தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகத்தில் 20 சதவிகிதம் என்னும் 2010ம் வருஷத்துச் சட்டம். 2020ல் அதைத் திருத்தினார்கள்; பிறகு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். இதற்கு நியாயம் இல்லாமலில்லை. பள்ளி முழுவதும் இங்கிலீஷில் படித்துவிட்டுக் கடைசிப் படிப்பை மட்டும் தமிழில் முடித்தவர்கள் கிராமத்துப் பிள்ளையின் இடத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள்; அதை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அடைத்த வேகத்தில், ஆறு வயதில் ஒரே வருஷம் ஆங்கில வழியில் உட்கார்ந்துவிட்டு இரண்டாவதிலேயே தமிழ் வழிக்கு வந்த குழந்தையையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டார்கள். தகப்பன் செய்த தேர்வுக்கு மகன் இருபத்தைந்து வயதில் தண்டனை அனுபவிப்பது, பூர்வ ஜன்ம கர்மம் என்கிற புளுகைவிட எவ்விதத்தில் மேல்?

இதே சேலத்தில் முனிசிபல் சேர்மனாக இருந்த ஆச்சாரியார், 1953ல் அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்றார். நம் இயக்கத்தார் கிளர்ச்சி செய்தார்கள். 1954ல் அது ஒழிந்தது. அன்று எதிரி வெளிப்படையாக நின்றான். இன்று அது விண்ணப்பப் படிவத்துக்குள் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. சில இடங்களில் பொடி எழுத்துகூட இல்லை.

நாம் சர்க்காரைக் கேட்பது அதிகமல்ல. ஐந்தாவது முடிவதற்குள் தமிழ் வழிக்குத் திரும்புகிற பிள்ளையை முழுத் தமிழ் வழிப் பிள்ளையாகவே கணக்கிடட்டும். சம்பளம் கட்ட வழியில்லாமல் எட்டாவதற்குள் திரும்புகிற ஏழைப் பிள்ளைக்கு, குலுக்கலில் ஜெயித்தவனுக்குள்ள அதே விலக்கைக் கொடுக்கட்டும். 25 சதவிகிதத்தில் சேர்ந்தவன் ஒன்பதாவதில் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த வழியில் சேரலாம் என்பதை எட்டாவது முடியுமுன் எழுத்தில் தெரிவிக்கட்டும்.

அதுவரையில் ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர் பக்கத்துத் தோழர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மே மாதத்தில் படிப்பகத்து வாசலில் ஒரு கரும்பலகையை வைத்து, இந்த மூன்று விதிகளையும் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். டி.சி. மறுக்கப்பட்டவர் வந்தால், 5வது பிரிவைக் குறிப்பிட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு ஆள் போய்வாருங்கள்.